அந்துப்பூச்சியின் நைட் ஷிப்ட்

'வேறுபடுத்துக' என்று ஒரு கேள்வி இல்லாத அறிவியல் தேர்வுத் தாளை நான் பார்த்ததில்லை. நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. தாவர செல், விலங்கு செல். தமனி, சிரை. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி. பல வருஷமாக அந்தக் கோட்டைக் கரும்பலகையில் போட்டுப் போட்டு எனக்குத் தோள்பட்டை வலியே வந்துவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் போகாது என்று பிள்ளைகளை நம்ப வைப்பதுதான் என் வேலை. அந்த வேலையிலும் நான் டெம்பரரி.

நெய்வேலியில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊர் எது, பேர் என்ன என்று விசாரிப்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்போம். பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா? பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள், மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் கேட்பார்கள், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பார் வருவதற்குள் கேட்டுவிடுவார். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் பர்மனென்ட். அதனால் எங்களுக்கு டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், வாசலில் நாலு செடி வைக்க இடம். நான் பக்கத்து பிளாக்கில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் மிஸ். ஏப்ரலில் அனுப்பிவிடுவார்கள், ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். நடுவில் வரும் மே மாதம் எனக்கு விடுமுறை இல்லை, கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதம்.

இந்த வருஷம் எங்கள் பள்ளியில் நிரந்தரமாக ஓர் இடம் வந்தது. அறிவியல்தான். வயது வரம்புக்குள் நான் நூலிழையில் இருந்தேன். இதை விட்டால் அடுத்து எந்த இடம் வந்தாலும் என்னால் மனுப் போடக்கூட முடியாது. எழுத்துத் தேர்வில் தேறி வந்தது மூன்று பேர். மிச்சம் இருந்தது ஒரு மாதிரி வகுப்பு மட்டும். வெளியிலிருந்து வரும் குழுவின் முன்னால் ஒரு பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும், பிறகு குழுவினர் பிள்ளைகளைக் கேள்வி கேட்பார்கள். பிள்ளைகளுக்கு என்ன புரிந்ததோ அதற்குத்தான் மதிப்பெண். ஆளுக்கொரு தலைப்பை முன்கூட்டியே கொடுத்தார்கள். எனக்கு வந்தது வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் உள்ள வேறுபாடு. வகுப்பு, ஆறாம் வகுப்பு. அதாவது என் வகுப்பு.

அன்று நான் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் பாடம், என் பிள்ளைகள். வாசலில் என் அரளி வேலி. இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தப் பாடத்தை நான் நடத்தும் விதத்துக்கு ஒரு கதை உண்டு. வேலையில் சேர்ந்த புதிதில், புத்தகத்தில் இருக்கிறபடி, வண்ணத்துப்பூச்சி பகலில் உலவும், அந்துப்பூச்சி இரவில் உலவும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் முகத்தில் ஒன்றும் எழவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், வண்ணத்துப்பூச்சி ஃபர்ஸ்ட் ஷிப்ட், அந்துப்பூச்சி நைட் ஷிப்ட் என்று. மொத்த வகுப்பும் நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சூரியன் உதிப்பதும் மறைவதும் பெரிய விஷயமில்லை. அப்பா எந்த ஷிப்ட் என்பதை வைத்துத்தான் வீட்டில் சத்தம் போடலாமா, டிவி போடலாமா, கறி எடுப்பார்களா என்பதெல்லாம் முடிவாகும். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஷிப்ட்டை வைத்துத்தான் அந்தப் பாடத்தை ஆரம்பிப்பேன். ஆரம்பிப்பேன், அவ்வளவுதான். அங்கேயே நிற்க மாட்டேன். ஷிப்ட் சொல்லி, அவர்கள் சிரித்து முடித்ததும், இது எப்போதும் சரியாக வராது, பகலில் பறக்கும் அந்துப்பூச்சியும் உண்டு, அந்தி சாய்ந்த பிறகு வீட்டுக்குள் வரும் வண்ணத்துப்பூச்சியும் உண்டு, உண்மையான அடையாளம் தலையில் இருக்கிறது என்று உணர்கொம்புக்குப் போவேன். ஒரு பாடம் இரண்டு கால் வைத்து நடக்கிற மாதிரி. ஒரு காலை மட்டும் வைத்தால் விழத்தானே வேண்டும்.

மாதிரி வகுப்புக்குப் படம் ஒட்டிய சார்ட் எடுத்துப் போக எனக்கு மனமில்லை. சார்ட்டில் எல்லா வண்ணத்துப்பூச்சியும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும். உயிரோடு காட்ட வேண்டும் என்று நினைத்தேன். எங்கள் அரளி வேலியில் மழை விட்ட நாட்களில் இரண்டு வகைப் புழு வரும். ஒன்று கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்டு, முதுகில் கம்பி கம்பியாக நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் தொடவே தோன்றாது. இன்னொன்று பச்சைப்பசேல் என்று கொழுகொழுவென்று, கழுத்துப் பக்கம் நீலமாக இரண்டு கண் வரைந்த மாதிரி இருக்கும். பார்க்கிறவர்கள் முதலாவதைத்தான் அந்து என்பார்கள், நிஜத்தில் அதுதான் வண்ணத்துப்பூச்சி ஆகும். கொழுகொழு பச்சைதான் அந்துப்பூச்சி. இரண்டும் தின்பது ஒரே அரளி இலை. இரண்டையும் பிடித்து, பழைய கொசுவலையைக் கட்டிய அட்டைப் பெட்டியில் விட்டேன். தினமும் காலையில் அரளிக் கொழுந்து பறித்துப் போட்டேன். வீட்டில் மல்லித்தழை வாடிக் கிடந்தது, பெட்டியில் கொழுந்து வாடவில்லை.

வரிப்புழு தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழு ஆனது. எவர்சில்வர் டம்ளரைத் துலக்கி வைத்த மாதிரி மின்னியது, போர்வை எதுவும் இல்லை. பச்சைப்புழு நிறம் மாறிப் பழுப்பாகி, கீழே போட்டிருந்த சருகுக்குள் போய்ப் படுத்து, சருகையும் நூலையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டது. அதுவும் ஒரு வேறுபாடு. அதையும் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டும் மாதிரி வகுப்புக்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டுமே என்பதுதான் என் கவலை. பிள்ளைப்பேற்றுக்குக்கூட நான் அப்படிக் காத்திருக்கவில்லை.

வகுப்புக்கு முந்தைய நாள் சாயங்காலம் அந்துப்பூச்சி வந்துவிட்டது. பச்சையில் வெள்ளையும் ரோஸும் ஓடி, மார்பிள் தரை மாதிரி அவ்வளவு அழகு. இறக்கையைப் பக்கவாட்டில் விரித்துக் குச்சியில் உட்கார்ந்திருந்தது. எவர்சில்வர் கூடு மட்டும் அசையவில்லை. வகுப்பு நாள் காலையில் எழுந்து பார்த்தேன், அப்படியே தொங்கியது. என்னவோ எனக்கென்றே தாமதம் செய்கிற மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் அப்போதுதான் நைட் ஷிப்ட் முடித்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவரிடம் போய் ஒரு வண்ணத்துப்பூச்சி பிடித்துக் கொடுங்கள் என்று கேட்ட பெண் இந்த டவுன்ஷிப்பில் நானாகத்தான் இருப்பேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், ஒரு டீயாவது குடித்துக்கொள்ளட்டுமா என்றார். குடித்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த கொசுவலையோடு வேலிப்பக்கம் போனார். எதிர் குவார்ட்டர்ஸில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

நான் புடவைக்குப் பின் குத்திக்கொண்டிருக்கும்போது பாட்டிலோடு உள்ளே வந்தார். முகத்தில் வெற்றிக்களை. பாட்டிலில் இருந்தது கறுப்பு இறக்கையில் வெள்ளைத் திட்டும், வயிற்றில் சிவப்புப் பட்டையுமாக ஒரு பூச்சி. புல்மேல் மெதுவாகப் போகும், கையாலேயே பிடித்துவிடலாம். பகலில் பறக்கும் அந்துப்பூச்சி அது. இதுவும் அந்துப்பூச்சிதான் என்றேன். அவர் நம்பவில்லை. பகல்லதான் பறக்குது, கலர் கலரா இருக்குது, பின்ன என்ன வேணும் என்றார். உணர்கொம்பைப் பாருங்கள், நுனியில் குமிழ் இல்லை என்றேன். தூக்கம் கெட்டு நின்ற மனுஷனுக்கு உணர்கொம்பு எங்கே தெரியப்போகிறது. எனக்குக் கோபம் வந்து, ஒரு வண்ணத்துப்பூச்சி பிடிக்கத் தெரியவில்லையா என்று சொல்லிவிட்டேன். அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

பள்ளிக்குக் கிளம்பும்போதுதான் புத்தி தெளிந்தது. அவர் கொண்டுவந்தது எனக்குக் கிடைத்த வரம். ஷிப்ட் சொல்லி முடித்ததும் இந்தப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினால் போதும். பகலில் பறக்கிறது, கலராக இருக்கிறது, ஆனாலும் அந்துப்பூச்சி, ஏன்? பிள்ளைகள் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் உணர்கொம்பைச் சொன்னால் ஆயுசுக்கும் மறக்காது. மார்பிள் பச்சை, எவர்சில்வர் கூடு, கறுப்புப் பூச்சி இருந்த பாட்டில், மூன்றையும் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். மத்தியானத்துக்குள் நானும் பர்மனென்ட் என்று அந்த நடையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

குழுவில் மூன்று பேர். தலைமையில் இருந்தவர் ஓய்வுபெற்ற பெரியவர், பக்கத்தில் ஓர் அம்மையார், ஓரத்தில் மணி பார்ப்பதற்கென்றே ஒருவர். அவர்கள் வந்ததே நேரம் கழித்து. முதல் இரண்டு பேரும் நடத்தி முடிக்கும்போது சாப்பாட்டு வேளை நெருங்கிவிட்டது. கடைசி ஆள் நான். மணி பார்ப்பவர் என்னிடம் வந்து, கொஞ்சம் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு சுருக்கமாக என்று கேட்டேன். நீங்கள் ஆரம்பியுங்கள், நான் சொல்கிறேன் என்றார்.

பெட்டியைத் திறந்து மார்பிள் பச்சையைக் காட்டினேன். பட்டாம்பூச்சி என்று வகுப்பே கத்தியது. பார்க்க அழகாக இருப்பதெல்லாம் பட்டாம்பூச்சி இல்லை, இது அந்துப்பூச்சி என்றேன். அவர்கள் நம்பாமல் பார்த்தார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான். எவர்சில்வர் கூட்டைக் காட்டி, இதற்குள்தான் வண்ணத்துப்பூச்சி இருக்கிறது, இதற்குப் போர்வை கிடையாது, அந்துப்பூச்சி போர்த்திக்கொண்டு தூங்கும் என்றேன். கரும்பலகையில் கோடு போட்டேன். வழக்கம்போல, வண்ணத்துப்பூச்சி ஃபர்ஸ்ட் ஷிப்ட், அந்துப்பூச்சி நைட் ஷிப்ட் என்றேன். வகுப்பு சிரித்தது, அம்மையாரும் சிரித்தார். சரியாகப் போகிறது என்று தெரிந்தது. பைக்குள் கையை விட்டுக் கறுப்புப் பாட்டிலை எடுத்தேன். ஆனால், என்று ஆரம்பித்தேன்.

மணி பார்ப்பவர் மேசையைத் தட்டினார். போதும்மா, புரிகிறது, உட்காருங்கள் என்றார். முக்கியமான இடம் இனிமேல்தான் வருகிறது, ஒரே ஒரு நிமிஷம் என்றேன். எல்லோருக்கும் ஒரே விதி என்றார். என்ன விதி, அதை யார் எப்போது எனக்குச் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றியது. வேலை கேட்டு நிற்கிற இடத்தில் விதி பேசினால் எப்படி இருக்கும். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன். பாட்டிலுக்குள் அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

பெரியவர் வகுப்பைப் பார்த்து, வண்ணத்துப்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் என்ன வித்தியாசம், யார் சொல்வீர்கள் என்றார். எல்லாக் கையும் உயர்ந்தன. அவர் கைகாட்டியது மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு பெண்ணை. மந்தாரக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா ஒரு கான்ட்ராக்டரிடம் ஷிப்ட் வேலை. கெட்டிக்காரிதான், கேட்டதைத் தன் வீட்டுக் கணக்கில் போட்டுப் புரிந்துகொள்கிறவள். அவளைக் காட்டியதில் எனக்குச் சந்தோஷம்கூட.

எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு தயக்கமும் இல்லாமல் சொன்னாள்.

"நைட் ஷிப்ட் போய்கினு இருந்தா அந்துப்பூச்சிங்க சார். அடுத்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட் மாறினா வண்ணத்துப்பூச்சி ஆயிடுங்க."

பெரியவர், மாறுமா, அது எப்படி மாறும் என்றார். அவர் வெளியூர்க்காரர். எங்கள் ஊரில் வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும், யாரும் ஒரே ஷிப்ட்டில் இருந்துவிடுவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுக்கு அது தெரியாமல் இருக்க நியாயமே இல்லை.

"மாறுங்க சார். எங்கப்பாவும் அப்டித்தாங்க. நைட் ஷிப்ட்டுனா வூட்டுக்கு வரும்போது மொகமெல்லாம் கருத்துப் போயிருக்கும். ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம் பளிச்சுனு இருப்பாரு."

பெரியவர் சிரித்தார். மணி பார்ப்பவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மையார் மட்டும் சிரிக்காமல், இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். எங்க மிஸ்தாங்க என்று என்னைப் பெருமையாகக் கைகாட்டினாள். அம்மையார் தாளில் ஏதோ எழுதினார். எழுதும்போது என்னைப் பார்க்கவில்லை.

நான் பேச வாயெடுத்தேன். இந்தப் பாட்டிலைக் காட்டியிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது, பாதிப் பாடத்தில் நிறுத்தினால் பாதிப் பதில்தான் வரும் என்று வார்த்தையெல்லாம் தொண்டை வரை வந்தது. பெரியவர் கைகூப்பினார். அது வணக்கம் இல்லை, முடிந்தது என்று அர்த்தம். அவர்கள் சாப்பிடப் போனார்கள்.

அன்று மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் என் டப்பாவைத் திறக்காமலே மூடி வைத்தேன். எல்லோர்மேலும் கோபம் வந்தது. நேரம் கழித்து வந்தவர்கள்மேல், மேசையைத் தட்டியவர்மேல், வாரா வாரம் மாறும் ஷிப்ட்மேல், கடைசிவரை திறக்காத அந்த எவர்சில்வர் கூட்டின்மேல். உள்ளதைச் சொன்னால், அதிகக் கோபம் அந்தப் பெண்மேல். அத்தனை கை உயர்ந்திருந்தது, அவள் கையை அவர் ஏன் பார்க்க வேண்டும். பதினோரு வயதுப் பிள்ளைமேல் வருகிற கோபமா அது என்று கேட்டால், வந்தது. வந்ததை வரவில்லை என்று எப்படிச் சொல்வது.

மறுநாள் அதே வகுப்புக்குள் போய் மிச்சப் பாடத்தை நடத்தினேன். யாரும் மேசையைத் தட்டவில்லை. கறுப்புப் பாட்டிலைச் சுற்றுக்கு விட்டேன். அன்று காலையில்தான் கூடு பிளந்து வண்ணத்துப்பூச்சியும் வெளியே வந்திருந்தது. பழுப்பு இறக்கை, ஓரத்தில் வெள்ளைப் பொட்டு. ஒருநாள் முந்தி வந்திருந்தால் உன் குடி முழுகிப்போயிருக்குமா என்று அதைக் கேட்டேன், மனசுக்குள்தான். உணர்கொம்பைக் காட்டினேன். மெல்லிசாக நீண்டு நுனியில் தீக்குச்சி மருந்து வைத்த மாதிரி குமிழ் இருந்தால் வண்ணத்துப்பூச்சி. குமிழ் இல்லாமல் நுனி கூம்பியிருந்தாலோ, சீப்பு மாதிரி பல் பல்லாக இருந்தாலோ அந்துப்பூச்சி. நிறத்தைப் பார்க்காதே, நேரத்தைப் பார்க்காதே, தலையைப் பார் என்றேன். குரல் கறாராக இருந்திருக்க வேண்டும், வகுப்பில் சத்தமே இல்லை. அந்துப்பூச்சி வேலை மாறினாலும் வண்ணத்துப்பூச்சி ஆகாது, பிறக்கும்போதே வேறு என்று மூன்றாவது பெஞ்சைப் பார்க்காமல் சொன்னேன். சொன்னபிறகு அந்த வாக்கியம் எனக்கே பிடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிப்போய் எல்லாவற்றையும் வேலியோரம் திறந்துவிட்டேன். வண்ணத்துப்பூச்சி உடனே போய்விட்டது. மார்பிள் பச்சை அரளித் தண்டில் ஏறி நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

முடிவு வர நாளானது. அதற்குள் குவார்ட்டர்ஸ் முழுக்க விஷயம் பரவி, பால் வாங்கப் போனாலும் என்ன ஆச்சு என்றார்கள். தலைமையாசிரியை ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டு, இன்னொருவருக்கு வந்துவிட்டது என்றார். திருச்சிப் பக்கத்துப் பெண்ணாம். நன்றாக நடத்தினாராம். நடத்தியிருப்பார், அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவருக்குச் சுவாசம் பற்றிய தலைப்பு, அதில் யார் ஷிப்ட் மாறப்போகிறார்கள். நீங்கள் வழக்கம்போல ஏப்ரல் வரை இருங்கள், உங்களை நாங்கள் விட மாட்டோம் என்று தலைமையாசிரியை அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைத் தாங்க எனக்கு அப்போது தெம்பில்லை. சரி மேடம் என்று வெளியே வந்தேன்.

வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் விடு என்றார். எனக்கு இந்த ஒரு சொல்லைக் கேட்டால் பிடிக்காது. எதை விடுவது? விடுகிற மாதிரி கையில் என்ன இருக்கிறது? உன் சம்பளத்தை நம்பியா நாம் இருக்கிறோம் என்று அடுத்ததாகச் சொன்னார். பர்மனென்ட் ஆளுக்கு அது புரியாது என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நைட் ஷிப்ட் முடித்துவந்து தூங்காமல் எனக்காக வலையோடு அலைந்தவர்.

அதற்குப் பிறகு அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண்ணை நான் ஒன்றும் சொல்லவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. அவள் கை தூக்கினால் என் கண் தானாகவே அடுத்த பெஞ்சுக்குப் போய்விடும். சில நாள் போனதும் அவள் கை தூக்குவதையே விட்டுவிட்டாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

ஒருநாள் பள்ளி விட்டு நான் கேட்டைத் தாண்டும்போது அவள் மந்தாரக்குப்பம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தாள். கூட வருகிற பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டுத் தனியாக என்னிடம் வந்தாள். எனக்குக் கடுப்பாகத்தான் இருந்தது, இருந்தாலும் நடையை நிறுத்தினேன்.

"மிஸ், என்னாலதான உங்களுக்கு அந்த வேலை கெடைக்காமப் போச்சு?"

யார் சொன்னது என்று கேட்டேன். அம்மா சொன்னாங்க என்றாள். பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது அவள் அம்மா காதுக்குப் போயிருக்கிறது. அம்மா திட்டினாங்களா என்று கேட்டேன். இல்லை, அப்பாதான் ரொம்ப வருத்தப்பட்டாராம். தன் ஷிப்ட்டைப் பற்றி எதுக்கு அங்கே போய்ச் சொன்னாய் என்று கேட்டாராம்.

உன்னால் இல்லை, நீ சொன்னது நான் சொன்னதுதான், மிச்சத்தைச் சொல்ல என்னை விடவில்லை என்றேன். வாய் வார்த்தையாக இல்லை, சொல்லும்போதே அது எவ்வளவு நிஜம் என்று எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக இந்த ஒரு வரியைத்தான் நான் எல்லோரிடமும் கத்த வேண்டும் என்று வைத்திருந்தேன். கேட்டது அவள் ஒருத்திதான். கேட்டும் அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. பையை இறக்கிவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள், வகுப்பில் எழுந்து நிற்கிற மாதிரி.

வண்ணத்துப்பூச்சிக்கு உணர்கொம்பு நுனியில் குமிழ் இருக்கும், அந்துப்பூச்சிக்கு இருக்காது என்று ஆரம்பித்தாள். உட்காரும்போது வண்ணத்துப்பூச்சி இறக்கையை மேலே சேர்த்து மூடும், அந்துப்பூச்சி பக்கத்தில் விரித்துப் போடும். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குப் போர்வை கிடையாது, அந்துப்பூச்சிக்கு உண்டு. பகலில் பறக்கிறதா ராத்திரியில் பறக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது, மிஸ் வீட்டுப் பாட்டிலில் இருந்த கறுப்புப் பூச்சி பகலில் பறந்தாலும் அந்துப்பூச்சிதான். எந்த ஷிப்ட் போனாலும் அது இதுவாக மாறாது. ஒரு பிசகும் இல்லை. அந்தப் பெரியவர் முன்னால், இதே வாயால் சொல்லியிருக்க வேண்டிய பதில். கேட்டுக்கொண்டே நின்றேன்.

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"அடுத்த தடவ அவங்க வந்தா என்னையே எழுப்பச் சொல்லுங்க மிஸ். கரெக்டா சொல்லிடுறேன்."

அடுத்த தடவை அவர்கள் யாரைப் பார்க்க வந்தாலும் என்னைப் பார்க்க வரப்போவதில்லை. வயது வரம்பு என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைக்கு எந்தக் கணக்கில் போட்டு விளங்கவைப்பது.

"உன்னையே எழுப்பச் சொல்றேன்" என்றேன்.